வாசித்துக் காட்டியவர்

விதி இதுதான்: ஒருவர் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடுவதானால், அதற்கு முன் அந்த வாக்குமூலம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவருக்குத் தெரிந்த மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். வாசித்துக் காட்டியவர் அடியில் தன் பெயரை எழுதி, கையொப்பமும் திகதியும் இட வேண்டும். இந்த விதியை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மெல்பேர்னில் இருபத்தாறு வருடங்கள் அரசாங்க அலுவலகத்தில் இருந்தபோது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

நான் இருந்த பிரிவு அப்படியொன்றும் பெரியதல்ல. வாகன அபராதங்களுக்கு எதிராக வரும் முறையீடுகளைப் பரிசீலிப்பது. சிவப்பு விளக்கைத் தாண்டியவர், ஆஸ்பத்திரி வாசலில் வாகனத்தை விட்டுவிட்டுப் போனவர், எல்லோரும் ஒரு கடிதம் எழுதுவார்கள். தாய்க்குச் சுகமில்லை, பிள்ளை சத்தியெடுத்தது, மரக்கொப்பு அறிவிப்புப் பலகையை மறைத்தது. இவற்றில் எதை நம்புவது என்று முடிவு செய்வது என் வேலை. உண்மை சொல்பவர் திகதியும் நேரமும் சொல்லுவார், பொய் சொல்பவர் சுற்றி வளைப்பார் என்று ஒரு அளவுகோல் வைத்திருந்தேன். அதை ஒரு பயிற்சி வகுப்பில் திரையில் போட்டுக்கூடக் காட்டியிருக்கிறேன். என் கணவர் என்னை வீட்டில் அழைப்பது "பார்க்கிங் நீதவான்" என்று.

ஓய்வு பெற்ற பிறகு கிளேட்டனில் எங்கள் வீட்டுக்குப் படிவங்களோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதியோர் கொடுப்பனவு, பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பம், மின்சாரக் கம்பனியோடு சண்டை. கோயிலில் யாரோ என்னைக் காட்டி, "அந்த அன்ரி கவுண்மெந்தில இருந்தவா, அவவுக்குத் தெரியாத போம் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையே வீண்.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இது. அப்போது முப்பத்துநாலு வயது. வன்னியிலிருந்து விமானத்தில், குறுகிய கால விசாவில் வந்தவர். வெரிபீயில் மரக்கறித் தோட்டமொன்றில் லெற்றஸ் வெட்டிப் பொதி செய்யும் வேலை. மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில். நகரத்தில் ரயில் மாறி, இரண்டு மணித்தியாலம் பயணம் செய்து, இரண்டு முட்டைக்கோசை, எங்கள் பேச்சில் கோவாவை, பையில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை வந்தார். செவ்வாய்க்கிழமையோடு விசா முடிகிறது. அதற்குள் அகதி விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இலவசச் சட்ட உதவி நிலையத்தின் காத்திருப்புப் பட்டியல் அவருடைய விசாவைவிட நீளமாக இருந்தது.

பதிவு பெறாத ஒருவர் குடிவரவு விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம். மொழிபெயர்க்கலாம், சொன்னதை எழுதிக்கொடுக்கலாம், அதற்கு மேல் போகக்கூடாது. அந்தச் சட்டப் பிரிவும் எனக்குத் தெரியும். ஆகவே, நான் மொழிபெயர்க்க மட்டுமே போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, குசினி மேசையில் ஒரு நோட்புக்கைத் திறந்தேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னவிதம் எனக்குச் சரிவரவில்லை. மாமரத்திலிருந்து தொடங்குவார், தமையனுடைய மோட்டார் சைக்கிளுக்குப் போவார், பிறகு தாயின் கண் சத்திரசிகிச்சை. நடுவில் தமையனை வீட்டிலிருந்து ஆட்கள் கொண்டுபோனது வரும், உடனே வேறெங்கோ போய்விடும்.

"தம்பி, திகதி வேணும்," என்றேன். "அண்ணை செத்தது எப்ப?"

"திகதி தெரியாது அன்ரி. ஆவணி வளர்பிறைச் சப்தமியிலதான் திவசம் செய்யிறனாங்கள்."

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். இதை எந்த வெள்ளைக்காரச் சட்டத்தரணியும் திகதியாக மாற்றியிருக்க முடியாது. வருடத்தைக் கேட்டேன். கணினியில் பஞ்சாங்கத்தைத் திறந்து, திதியைப் பிடித்து, இலங்கை நேரத்துக்குச் சூரிய உதயம் எல்லாம் பார்த்து, ஓகஸ்ட் மாதத்து நாள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். புதன்கிழமை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அதுக்கு முந்தி நான் ஆமிக் காம்புக்குப் போய்வந்தனான் அன்ரி, ஒவ்வொரு நாளும். மூண்டு கிழமையா..."

"அது பிறகு வரும். முதல் இதை முடிப்பம்."

நோட்புக்கில் ஓரமாக "காம்ப், 3 கிழமை, பிறகு" என்று எழுதி வட்டம் போட்டேன். அது பிறகு வரவில்லை. அவர் ஒருமுறை தொடங்கிய இடத்துக்கு இன்னொருமுறை வர, நான் கேட்க வேண்டியிருந்தது. நான் கேட்கவில்லை.

வாக்குமூலம் ஐந்து பக்கம் வந்தது. ஆங்கிலம் நன்றாக இருந்தது, இப்போதும் அதைத்தான் சொல்லுவேன். பந்திகளுக்கு இலக்கம் போட்டிருந்தேன். நாலாம் பந்தி இப்படி: இன்ன மாதம் இன்ன திகதி, புதன்கிழமை, என் தமையனை ஆட்கள் வீட்டிலிருந்து கொண்டுபோய், அன்றே கொன்றார்கள். ஐந்தாம் பந்தி: அதன் பிறகு அவர்கள் என்னையும் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அந்த "அன்றே" என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. திகதி ஒன்றுதானே இருந்தது, ஆகவே நான் போட்டேன்.

அன்று பின்னேரம் எங்களுக்கு ஒரு கலியாணம் இருந்தது. கணவர் சேட்டுக்கு அயன் போட்டுவிட்டு, "இஞ்சரும், மாப்பிளை தாலி கட்டிப்போட்டுப் பொம்பிளையோட ஹனிமூனுக்கும் போயிடுவான்" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் போட்டார். நான் முதல் பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தையும் வாசித்தேன். நடுவிலிருந்த பக்கங்களை விரலால் தட்டி, "இதெல்லாம் நீர் சொன்னதுதானே தம்பி?" என்று கேட்டேன்.

"ஓம் அன்ரி."

அவர் கையொப்பமிட்டார். வாசித்துக் காட்டியவரின் பெயருக்கான வரி அங்கே இல்லை. அதைக் கணினியிலேயே அழித்திருந்தேன். விண்ணப்பப் படிவத்தில், இதை நிரப்ப யாராவது உங்களுக்கு உதவினார்களா என்று ஒரு கேள்வி இருக்கும். "இல்லை" என்ற பெட்டியைக் காட்டி, அதில் கோடு போடச் சொன்னேன். "என்ர பேர் ஒரு இடத்திலையும் வரக்கூடாது, விளங்குதே?" என்றும் சொன்னேன். அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது. எவ்வளவு நன்றாக என்பது நாலு வருடங்களுக்குப் பிறகு தெரிந்தது.

அந்த நாலு வருடமும் அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோவாவோடு வந்துபோனார். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்று அதில் போட்டிருந்தது. என்னைக் கேட்டார். நான் பட்டுச்சேலை கட்டவில்லை, அவ்வளவுதான். மற்றபடி கலியாணத்துக்குப் போவதுபோலத்தான் போனேன்.

நகரத்தில் உயரமான கட்டடமொன்றில் ஜன்னல் இல்லாத சிறிய அறை. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி, தண்ணீர்க் குவளை, கடதாசித் துவாய்ப் பெட்டி. அதிகாரி என் மகளைவிட இளையவளாக இருந்தாள். துணைக்கு வந்தவர் இடையில் பேசக்கூடாது, பதில் சொல்லிக்கொடுக்கக்கூடாது, கடைசியில் விரும்பினால் ஏதும் சொல்லலாம் என்று எனக்குச் சொன்னாள். நான் புன்னகைத்தேன். அவளைவிட எனக்கு அது தெரியும். உரைபெயர்ப்பாளர் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் இருந்தார், தமிழ்நாட்டுக்காரர், நல்ல தெளிவான குரல்.

அவள் குறுக்குக்கேள்வி கேட்கவில்லை. "நடந்ததை உங்கள் போக்கிலேயே சொல்லுங்கள், நான் அவசரப்படுத்த மாட்டேன்" என்றாள். அப்படியொரு வார்த்தையை நான் என் மேசைக்கு வந்த யாருக்கும் சொன்னதில்லை. அவர் மாமரத்திலிருந்து தொடங்கினார்.

அவள் காத்திருந்தாள். முக்கால் மணித்தியாலத்தில் முழுக்கதையும் வந்தது. ஆடி மாதம், கோயில் கொடியேற்றத்துக்கு அடுத்த நாள் தமையனைக் கொண்டுபோனார்கள். மறுநாளிலிருந்து இவர் இராணுவ முகாம் வாசலுக்குப் போனார். மூன்றாம் நாள் அவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, சுவரோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகும் போனார். மூன்று கிழமை. ஒருநாள் வாசலில் நின்றவன், இனி வந்தால் தமையன் இருக்கும் இடத்துக்கே உன்னையும் அனுப்புவோம் என்றான். ஆவணி வளர்பிறைச் சப்தமியன்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து, ஆள் இல்லை, இனித் தேடவேண்டாம் என்று தாயிடம் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. என்று இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. செய்தி வந்த நாளின் திதியை வைத்து அந்த வீட்டார் திவசம் செய்கிறார்கள்.

இறந்த நாள் தெரியாதவர்களுக்குச் செய்தி வந்த நாளில் செய்வது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்கு அது தெரியாதது அல்ல, கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் என் குடும்பத்தில் எல்லோரும் கட்டிலில், வைத்தியர் பக்கத்தில் நிற்க, மணி பார்த்து இறந்தவர்கள். எங்கள் வீட்டில் திவசம் என்றால் இறந்த நாள். அவர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, பஞ்சாங்கத்தையும் சூரிய உதயத்தையும் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் எழுத வேண்டும். அவர் முகாம் வாசலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது எனக்கு முதலில் தோன்றியது, 'இவர் கதையைக் கூட்டுகிறார்' என்பதுதான். இருபத்தாறு வருடப் பழக்கம். அவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சுவரோடு நின்று படம் எடுத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மனதுக்குள் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்துகொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்கிறார், புது விஷயம் சேர்க்கிறார். அதற்குப் பிறகுதான் நோட்புக்கில் நான் போட்ட வட்டம் நினைவுக்கு வந்தது.

அதிகாரி வாக்குமூலத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு விதிப்படி செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தாள். வாக்குமூலத்தில் கொண்டுபோனதும் கொன்றதும் ஒரே நாள் என்று இருக்கிறது, இப்போது மூன்று கிழமை என்கிறீர்கள். முகாமில் பெயர் எழுதியதும் படம் எடுத்ததும்தான் உங்களைத் தேடுவதற்குக் காரணம் என்கிறீர்கள், அது எழுத்தில் எங்குமே இல்லை. இதை உங்களுக்கு எதிராக நான் எடுக்கக்கூடும், ஆகவே விளக்கம் கேட்கிறேன், வேண்டுமானால் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"இந்த ஸ்டேட்மென்ட்ட யாரு எழுதினதுன்னு ஆபீசர் கேக்குறாங்க," என்றது தொலைபேசி.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் எழுதினனான்."

"இங்கிலீஷ்ல நீங்களேவா எழுதினீங்க?"

"ஓம். டிக்‌ஷனரி பாத்து."

இரண்டாம் பந்தியில் "நொட்வித்ஸ்டாண்டிங்" என்று, சட்டப் பத்திரங்களில் மட்டும் வரும் ஒரு சொல் இருந்தது. லெற்றஸ் பொதி செய்யும் ஒருவர் எந்த அகராதியைப் பார்த்தும் அந்தச் சொல்லுக்குப் போய்ச் சேர மாட்டார். அதிகாரி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எதையோ எழுதிக்கொண்டாள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அவர் சொன்ன ஒரேயொரு பொய் அது. அதைச் சொல்லச் சொல்லி வைத்தவள் நான்.

கடைசியில் அவள் என்னைப் பார்த்து, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள். என் கைப்பையின் பிடியைப் பிடித்துக்கொண்டு, "நோ, தாங்க் யூ" என்றேன்.

லிஃப்டில் இறங்கும்போது அவர் மெதுவாக, "அன்ரி, உங்கட பேர் வராமப் பாத்துக்கொண்டன்," என்றார்.

"நல்லது தம்பி," என்றேன்.

மறுப்புக் கடிதம் மூன்று மாதத்தில் வந்தது. அவர் அதன் படத்தை எனக்கு அனுப்பினார். சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து, நடைமுறைத் தவறு ஏதும் கிடைக்குமா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. அதிகாரி எழுதியிருந்தது இது: விண்ணப்பதாரர் முகாம் பற்றிச் சொன்னது பிந்திச் சேர்க்கப்பட்டது என்று கருதுகிறேன். வாக்குமூலத்தைத் தானே எழுதியதாகச் சொன்னதையும் நான் நம்பவில்லை. இவற்றால் அவருடைய நம்பகத்தன்மை பொதுவாகவே குறைகிறது. வீட்டுக்கு ஆட்கள் தேடி வந்ததாகச் சொல்வதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. இவ்வளவும் சுத்தமாக, இலக்கமிட்ட பந்திகளில். நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

இனி மறுபரிசீலனை மன்றம் ஒன்றுதான் இருந்தது; அங்கே முறை வரவே மூன்று வருடம் எடுத்தது. அங்கேயும் நம்பாவிட்டால் அவர் திரும்பிப் போக வேண்டும், அவருடைய படத்தை வைத்திருப்பவர்கள் இருக்கும் ஊருக்கு. இந்த முறை இலவச நிலையத்தில் இடம் கிடைத்தது. சட்டத்தரணி ஒரு மலேசியத் தமிழ்ப்பெண். அவள் வாக்குமூலத்தின் பிரதியை அவர் கையில் கொடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறாள். அவர் அதைக் கொண்டு வந்தது என்னிடம்.

வழக்கம்போல இரண்டு கோவா. அதே குசினி மேசை.

"அன்ரி, நான்தான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன் போல. ஒபிசர் பிள்ளை நல்ல பிள்ளை, அவவுக்கு விளங்கேல்லை. இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களோ?"

நான் வாசித்தேன். முதலாம் பந்தி, இரண்டாம் பந்தி. மூன்றாம் பந்தியில் தமையனுடைய மோட்டார் சைக்கிள் வந்தபோது அவர் சிரித்தார். நாலாம் பந்தியைத் தமிழில் சொல்லத் தொடங்கியதும் என் குரல் தன்பாட்டில் வேகமாகியது. அவர் கையை உயர்த்தினார்.

"அது அப்பிடி இல்லையே அன்ரி. அண்டைக்கே இல்லையே. நான் காம்புக்குப் போனது எங்க?"

"அது இதில இல்லைத் தம்பி."

"பிறகு வருதோ?"

"இல்லை."

அவர் தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தப் பந்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பரவாயில்லை அன்ரி. மற்றதெல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள்."

திட்டியிருந்தால் நான் என் பக்கத்து நியாயங்களைச் சொல்லியிருப்பேன். மூன்று நாள் அவகாசம், நீர் சொன்னவிதம், பதிவு பெறாதவருக்குச் சட்டம் அனுமதிப்பது எவ்வளவு என்பது. எல்லாம் ஆயத்தமாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

அவர் போன பிறகு பழைய நோட்புக்கைத் தேடி எடுத்தேன். வட்டம் அப்படியே இருந்தது, நீல மையில், பக்கத்தின் மேல்மூலையில் என் கையெழுத்தில் அன்றைய திகதியோடு. விண்ணப்பம் போடுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே அவர் முகாமைப் பற்றிச் சொல்லியிருந்தார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைக் கொடுத்தால் அவர் பிந்திச் சேர்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கொடுப்பதானால் அதை எழுதியது யார் என்றும் சொல்ல வேண்டும்.

ஒரு நல்ல மனிதர் இந்த இடத்தில் உடனே என்ன செய்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். நான் ஒரு வாக்குமூலம் எழுதினேன், என்னுடையது. எழுதி, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தேன். அங்கே அது பதினொரு கிழமை கிடந்தது. சட்டத்தரணி மன்றத்துக்கு ஆவணங்கள் அனுப்ப வேண்டிய கடைசி நாளை அவர் தொலைபேசியில் எனக்குச் சும்மா ஒரு செய்தியாகச் சொன்னார். "ஓ, அப்பிடியோ" என்றேன். அந்தப் பதினொரு கிழமையில் நான் தோட்டத்தில் புது ரோசாச் செடி வைத்தேன், ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் காரில் ஒன்பது மணித்தியாலம் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அவருடைய பெயரில்தான் செய்தேன். பெருமாளுக்கும் விஷயம் தெரிந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை.

என் கணவருக்குத் தெரியும். அவர் லாச்சியில் மூக்குக்கண்ணாடி தேடப் போய் அதை வாசித்திருக்கிறார். ஒருநாள் காலை பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சரும், உம்மட்டை ஒருத்தி இப்பிடி ஒரு முறையீடு எழுதியிருந்தா என்ன செய்திருப்பீர்? சாட்சி லாச்சியில கிடக்கு, ரோசா நடுறதில நேரம் கிடைக்கேல்லை எண்டு?"

"சும்மா இருங்கோ."

"தள்ளுபடிதானே?"

"என்னைக் கம்பி எண்ண மறியலுக்கு அனுப்புறதெண்டு நிக்கிறியளோ?"

"அனுப்பினா என்ன. கிழமைக்கு ரெண்டு கோவா கொண்டுவந்து தாறன்."

அன்று அவர்தான் காரை ஓட்டினார். சட்டத்தரணியின் மேசையில் நோட்புக்கையும் என் வாக்குமூலத்தையும் வைத்தேன். அவள் நோட்புக்கைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள், பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டாள்.

"ஆன்ட்டி, நான் அவர் கிட்ட நாலு தடவ கேட்டேன், யாரு எழுதினதுன்னு. நானேதான் எழுதினேன்னாரு. டிக்‌ஷனரி பாத்தாராம். எந்த டிக்‌ஷனரின்னு கேட்டா, பச்ச கலருங்கறாரு."

எனக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். அதையும் கேட்டேன் என்பதை இங்கே மறைக்க முடியாது.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுலா. நீங்க காசு வாங்கல. வெக்கமா இருக்கும், அவ்வளவுதான்."

மன்ற விசாரணைக்கு என்னையும் சாட்சியாக அழைத்தார்கள். விசாரித்தவர் என் வயதுக்காரர், அலுத்துப்போன முகம். என் நோட்புக், நான் அழித்த வரி, படிவத்தில் நான் போடச் சொன்ன கோடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். திவசத்தைப் பற்றியும் கேட்டார். செய்தி வந்த நாளைத் திதியாக வைக்கும் வழக்கத்தை விளக்கினேன், எங்கள் வீட்டில் அப்படி இல்லாததால் நான் யோசிக்கவில்லை என்றும் சொன்னேன். பிறகு, திணைக்களத்தின் நேர்காணலில் நீங்கள் அவர் பக்கத்தில்தானே இருந்தீர்கள், ஏன் பேசவில்லை என்றார்.

"துணைக்கு வந்தவர் பேசக்கூடாது என்பது விதி," என்றேன்.

அவர் ஒலிப்பதிவின் எழுத்துப் பிரதியில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"கடைசியில் உங்களிடம் கேட்டிருக்கிறார்களே."

"ஆம்."

"என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். எனக்குப் பின்னால், தம்பி இருந்த கதிரை கிரீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு காத்திருப்பு. மாதங்கள். ஒரு பதிலும் இல்லை. அவர் இடையிடையே ரெலிபோன் எடுப்பார், தோட்டத்தில் இப்போது புரோக்கோலி, முதுகு நோகிறது, மகள் இங்கிலீஷ் படிக்கிறாள் என்று. அவளுக்கு அப்போது பதினொரு வயது. பதிலைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை.

பதில் வந்த நாள் அவர் வேலை உடுப்போடு, காலில் சேற்றோடு வந்தார். கோவா இல்லை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்.

"மன்றம் நம்பியிருக்காம் அன்ரி. லோயர் பிள்ளை இப்பத்தான் சொன்னவா. மனிசிக்கு ரெலிபோன் எடுத்தனான், அழுதுகொண்டே நிக்கிறா. இந்தாங்கோ கடிதம்."

இது விசா அல்ல, இனித் திணைக்களம் இந்த முடிவை ஏற்று மீண்டும் பார்க்க வேண்டும், இன்னும் சில மாதம் போகும் என்று என் வாய் தன்பாட்டில் விதியை எடுத்துரைக்கத் தொடங்கியது. அவர் தலையாட்டிக் கேட்டார்.

"அது லோயர் சொன்னவா. நீங்கள் வாசியுங்கோ."

"முக்கியமான இடத்தைச் சொல்லட்டே?"

"இல்லை அன்ரி. முதலில இருந்து."

இருபத்துமூன்று பக்கம். குசினி மேசையில் இருந்து, ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். சட்டப் பிரிவுகள் வந்தபோது என் கணவர் எழும்பிப் போய்விட்டார். எனக்கு எதிரே இருந்தவர் போகவில்லை. முகாம் வாசல், மூன்று கிழமை, பெயர் எழுதியது, சுவரோடு நிறுத்தியது எல்லாம் அதில் இருந்தன, அவர் சொன்ன ஒழுங்கிலேயே. ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார், மன்றம் அவரிடம் கேட்பதுபோல.

பதினேழாம் பக்கத்தில் என்னைப் பற்றிய பந்தி. வாக்குமூலத்தை ஆயத்தம் செய்தவர் விண்ணப்பதாரர் சொன்னதை முழுமையாகக் கேட்கவில்லை, அதைச் சரியாக வாசித்துக் காட்டவும் இல்லை. தவறு தன்னுடையது என்று அறிந்திருந்தும், கேட்கப்பட்டபோது அவர் மௌனமாக இருந்தார். அதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் மன்றம் காணவில்லை. தானே எழுதியதாக விண்ணப்பதாரர் சொன்ன பொய் அந்த நபரைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டது என்று மன்றம் ஏற்கிறது.

"அதை விடுங்கோ அன்ரி," என்றார் அவர். "அது தேவையில்லை."

நான் விடவில்லை. அவசரமாக வாசித்துவிட்டேன் என்று பட்டதால், அந்தப் பந்தியை மறுபடியும் தொடங்கி, மெதுவாக வாசித்தேன். பிறகு மிச்சம் ஆறு பக்கம்.

முடிந்ததும் பேனையை எடுத்து, அவருடைய பிரதியின் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கடிதத்துக்கு அது தேவையில்லை, எந்த விதியும் கேட்கவில்லை. தமிழில் முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது என்று எழுதி, என் முழுப் பெயரை எழுதி, கையொப்பமிட்டேன். கடிதத்தின் தலைப்பில் இருந்தது மன்றம் அதை எழுதிய திகதி. எங்களுக்கு அது வந்து சேர்ந்த திகதியைக் கையொப்பத்துக்குப் பக்கத்தில் போட்டேன்: செப்டெம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.